நலமாக இருக்கும் நாளில் அந்த மாத்திரை என்ன செய்கிறது?

"அவிய இப்ப நல்லாத்தானே இருக்காவ மக்களே, இன்னும் எதுக்கு இந்த மாத்திரை?"

நாகர்கோவிலில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் மாதத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது இந்தக் கேள்வி வரும். போன மாதம் கேட்டவர் ஈத்தாமொழிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு அம்மா. கணவருக்கு மனநிலையை நிலைப்படுத்தும் லித்தியம் மாத்திரை வாங்க இரண்டு வருஷமாக வருகிறார். பின்னால் நாலு பேர் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றதால், "நிறுத்தக் கூடாதும்மா, டாக்டரைக் கேட்காம நிறுத்திராதீங்க" என்பதோடு முடித்துவிட்டேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். எங்கள் வீட்டில் என் அண்ணனைப் பார்த்து அம்மா இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். விவரம் தெரியாத வயதில் நானும் கேட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிப் பார்க்கிறேன்.

அண்ணனுக்கு இருதுருவ மனநிலைக் கோளாறு, அதாவது பைபோலார், என்று தெரிய வந்தபோது அவனுக்கு 24 வயது. நாகர்கோவில் பக்கத்துப் புத்தளம் உப்பளத்தில் வேலை. அந்தப் பங்குனியில் நாலு ராத்திரி அவன் தூங்கவே இல்லை, ஆனால் களைப்பும் இல்லை. இரண்டு மணிக்குக் கிணற்றடியில் நின்று வீட்டிலுள்ள பாத்திரம் அத்தனையையும் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். விடிந்ததும் அளத்தில் முன்பணம் வாங்கிவந்து தெருப்பிள்ளைகள் எல்லாருக்கும் செருப்பு வாங்கிக் கொடுத்தான். பேச்சு நிற்கவில்லை. ஒரு விஷயம் முடியுமுன் அடுத்தது, அதற்குள் இன்னொன்று. ஆவணியில் அதே அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்தவன் ஏழு வாரம் எழும்பவில்லை. கஞ்சியை வாயருகே கொண்டுபோனால் கண்ணீர் வரும், வாய் திறக்காது. ஊரில் 'கோட்டி' என்றார்கள். அம்மா கோவில் கோவிலாகக் கூட்டிப்போனார்.

மனசு மாறுவது எல்லாருக்கும் உள்ளதுதானே என்பார்கள். உள்ளதுதான். ஆனால் இந்த நோயில் மாறுவது மனசு மட்டுமில்லை. தூக்கம், பசி, பேச்சின் வேகம், கையில் உள்ள காசைச் செலவழிக்கும் விதம் எல்லாம் சேர்ந்து, நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஒரே பக்கமாகச் சாய்கின்றன. பார்க்கிறவர்களுக்கு மேனியா எனும் அந்த எழுச்சிதான் நினைவில் நிற்கும், ஏனென்றால் அதுதான் தெருவுக்கு வரும். ஆனால் நோயாளிகளைப் பத்து வருஷத்துக்கும் மேலாகத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், அவர்கள் மனச்சோர்வில் கிடந்த வாரங்கள் எழுச்சியில் இருந்த வாரங்களைப்போல மூன்று மடங்குக்கு மேல். வீட்டுக்குள் கிடப்பதால் அதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

மனத்திடம் இல்லாததால் வருவது என்ற பேச்சையும் இங்கேயே தள்ளிவிடலாம். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, இந்த நோய் வரும் வாய்ப்பில் ஏறத்தாழ 60 முதல் 80 விழுக்காடு வரை பரம்பரையின் பங்கு. ஒரே ஒரு மரபணுவைக் கைகாட்ட முடியாது. 2021-இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று மரபணுத் தொகுதியில் 64 இடங்களை அடையாளம் காட்டியது. ஒவ்வொன்றும் செய்வது கொஞ்சம்தான். ஆனால் அவற்றில் பல, நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசும் சந்திப்புகளையும் கால்சியம் உள்ளே நுழையும் வாயில்களையும் சேர்ந்தவை. நோய் குடியிருக்கும் இடத்தை அவை காட்டுகின்றன.

அந்த இடத்தைப் பற்றிப் புத்தளத்துக்காரர்களிடம் பேசுவது எனக்கு எளிது, ஏனென்றால் அங்கேயும் கதை உப்புதான். ஒவ்வொரு நரம்பணுவைச் சுற்றியும் உப்புத் தண்ணீர். வெளியே சோடியம் கூடுதல், உள்ளே பொட்டாசியம் கூடுதல். இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பதற்கு நரம்பணுவின் சுவரில் ஓயாமல் பம்பு ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். மூளை செலவழிக்கும் ஆற்றலில் பெரும்பகுதி இதற்கே போகிறது. செய்தி அனுப்ப வேண்டிய நொடியில் மடை திறக்கும், சோடியம் உள்ளே பாயும், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் மடை மூடும். நாம் நினைப்பது, சிரிப்பது, அழுவது எல்லாமே இந்த மடைகள் திறந்து மூடுவதில்தான் நடக்கிறது.

2015-இல் ஒரு சோதனையின் முடிவு வெளியானது. அதைப் படித்த அன்று நான் கடையில் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தே இருந்தேன். பைபோலார் உள்ளவர்களின் தோலிலிருந்து செல்களை எடுத்து, அவற்றைக் குருத்தணுக்களாக மாற்றி, அதிலிருந்து ஆய்வகத் தட்டில் நரம்பணுக்களை வளர்த்தார்கள். அந்த நரம்பணுக்கள், நோயில்லாதவர்களின் நரம்பணுக்களைவிட எளிதில் பற்றிக்கொண்டன. சின்னத் தூண்டலுக்கே மடை மடையாகத் திறந்தன. அந்தத் தட்டில் லித்தியத்தைச் சேர்த்தபோது பரபரப்பு அடங்கியது. ஆனால் எல்லாருடைய செல்களிலும் இல்லை. வாழ்க்கையில் யார் யாருக்கு லித்தியம் நன்றாகக் கேட்டதோ, அவர்களுடைய செல்களில் மட்டும். ஒருவருக்குக் கேட்கும் மருந்து இன்னொருவருக்குக் கேட்காமல் போவது, சரியாக எடுக்காததாலோ நம்பிக்கை இல்லாததாலோ வருவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவாக வேறென்ன வேண்டும்?

மனநிலையை நிலைப்படுத்தும் மருந்து என்றால் தூங்கவைக்கும் மருந்து என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். தூக்க மாத்திரை தண்ணீரையே நிறுத்துகிற மாதிரி. நாஞ்சில் நாட்டு வயலில் மடை பார்க்கிற ஆள் அப்படிச் செய்வதில்லை. பாய்ச்ச வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு விட்டு, வரப்பு உடையாமல் பார்த்துக்கொள்கிறார். லித்தியத்தின் வேலை அந்த வகை.

லித்தியம் ஒரு தனிமம். அட்டவணையில் 3-ஆவது, உலோகங்களிலேயே இலேசானது. 1817-இல் சுவீடனில் ஆர்ஃப்வெட்சன் என்பவர் ஒரு கல்லில் கண்டெடுத்தார். சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் நெருங்கிய சொந்தம், ஒரே குடும்ப வரிசை. இதை மேனியாவுக்குக் கொடுத்துப் பார்த்தவர் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட். இரண்டாம் உலகப் போரில் மூன்று வருஷத்துக்கு மேல் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் போர்க்கைதியாக இருந்தவர். ஊர் திரும்பி, மெல்போர்ன் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் கினிப்பன்றிகளுக்கு லித்தியம் உப்பை ஊசியில் செலுத்தியபோது அவை சாதுவாகிப் படுத்தன. 1948-இல், ஐந்து வருஷமாக மேனியா அடங்காமல் மருத்துவமனையிலேயே கிடந்த 51 வயது மனிதருக்குக் கொடுத்தார். சில மாதத்தில் அவர் வீட்டுக்குப் போனார், பழைய வேலையிலும் சேர்ந்தார். 1949-இல் பத்துப் பேரைப் பற்றிய கேடின் கட்டுரை வந்தது.

அந்த முதல் நோயாளியின் மிச்சக் கதையை மருந்தின் புகழ் பாடும்போது யாரும் சொல்வதில்லை. நலமானபின் அவர் மாத்திரையை விட்டார், நோய் திரும்பியது. மறுபடி எடுத்தார். 1950-இல் லித்தியம் உடலில் அளவுமீறிச் சேர்ந்து இறந்துபோனார். இந்த மருந்தைப் பற்றி ஒரு குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு விஷயங்களும் அந்த ஒரு மனிதரின் வாழ்க்கையிலேயே இருக்கின்றன.

அதே 1949-இல் அமெரிக்காவில் இன்னொரு துயரம். இரத்தக்கொதிப்புக்காரர்களும் இதய நோயாளிகளும் சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடைத் தூவிச் சாப்பிட்டார்கள், மாற்று உப்பு என்று கடையில் விற்றது. சிலர் இறந்தார்கள், விற்பனை தடைசெய்யப்பட்டது. அந்தப் பயத்தால் அந்த நாட்டில் மருந்தாக அனுமதி கிடைக்க 1970 ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் இதைக் கைவிடாமல் முறையாகச் சோதித்தவர் டென்மார்க்கின் மோகன்ஸ் ஷோ. கல்லில் கிடைக்கும் உப்புக்குக் காப்புரிமை வாங்க முடியாது என்பதால் மருந்துக் கம்பெனிகளுக்கும் இதில் ஆர்வம் இல்லை. இன்றைக்கும் இது விலை குறைந்த மருந்துதான்.

சரி, உள்ளே போய் என்ன செய்கிறது? சோடியம் நுழையும் அதே வாயில் வழியாக நரம்பணுவுக்குள் நுழைகிறது. ஆனால் பம்பு சோடியத்தை வெளியேற்றுகிற அளவுக்கு லித்தியத்தை வெளியேற்றுவதில்லை. உள்ளே தங்கியபின் அதன் குறி மெக்னீசியம். பல நொதிகள் மெக்னீசியம் இல்லாமல் ஓடாது. லித்தியம் கிட்டத்தட்ட அதே பருமன் என்பதால் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அப்படி அது தடுக்கும் நொதிகளில் ஒன்று இனோசிட்டால் என்ற சர்க்கரை போன்ற பொருளைத் திரும்பத் திரும்பப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவது. நரம்பணுவின் வெளிப்புறம் வந்துசேரும் சேதியை உள்ளே கடத்த இனோசிட்டால் வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, 1980-களில் விஞ்ஞானிகள் முன்வைத்தது. அளவோடு வேலை செய்யும் நரம்பணுவுக்குக் கையிருப்பு போதும், லித்தியம் இருந்தாலும் அதற்குப் பெரிதாகத் தெரியாது. ஓயாமல் கத்திக்கொண்டிருக்கும் நரம்பணுவுக்குத்தான் இனோசிட்டால் சீக்கிரம் தீரும், அதன் குரல்தான் இறங்கும். வேகமாக ஓடுகிற வண்டியில் மட்டும் பிடிக்கும் பிரேக் என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து சாப்பிடும் அண்ணன் சிரிக்கிறான், கோபப்படுகிறான், கால்பந்து பார்த்துக் கத்துகிறான், ஆனால் நாலு ராத்திரி விழித்திருப்பதில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்தவரை இதுவே நல்ல விளக்கம். ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கும் விளக்கம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு நொதி ஜிஎஸ்கே-3. இதையும் லித்தியம் தடுக்கிறது என்று 1996-இல் தெரிந்தது. இந்த நொதியின் கை எட்டாத இடம் குறைவு. எந்தப் புரதத்தை வைத்துக்கொள்வது, எதைச் சிதைப்பது, எந்த மரபணுவை எழுப்புவது என்பதிலெல்லாம் தலையிடும். அது அடங்கினால் நரம்பணுவைக் காக்கும் புரதங்கள் கூடுகின்றன, கிளை விடுவதற்கு உரமாகும் பொருள்கள் சுரக்கின்றன. லித்தியம் எடுப்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்ததில், நினைவுக்கும் உணர்ச்சிக்கும் வேண்டிய ஹிப்போகாம்பஸ் பகுதி, எடுக்காதவர்களுடையதைவிடப் பெரிதாக இருந்ததைப் பல ஆய்வுகள் சொல்கின்றன.

புரதம் கட்டுவது, கிளை விடுவது எல்லாம் ஒரு நாள் வேலை இல்லை. அதனால்தான் மேனியா அடங்க ஒன்று முதல் மூன்று வாரம்வரை ஆகிறது, அதுவரைக்கும் வேறு மருந்து சேர்த்துக் கொடுக்கிறார்கள். வெளியே ஒன்றும் தெரியாத, எல்லாம் சாதாரணமாக இருக்கும் நாளில்தான் இந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஈத்தாமொழி அம்மாவின் கேள்விக்கு உயிரியல் தரும் பதிலும் இதுவே.

இனி சிறுநீரகம். இதைப் பற்றிப் பேசாமல் லித்தியத்தைப் பற்றிப் பேசுவது தப்பு. உடலில் இந்த மருந்து எந்த உறுப்பாலும் உடைக்கப்படுவதில்லை, போன உருவிலேயே சிறுநீரில் வெளியேறும். சிறுநீரகம் வடிகட்டும் லித்தியத்தில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை மறுபடி உள்ளே இழுத்துக்கொள்கிறது, சோடியத்தை இழுக்கும் அதே பாதையில். அதற்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்துவைக்கப் பார்க்கும், கூடவே லித்தியத்தையும் பிடித்துவைக்கும். இரத்தத்தில் அளவு ஏறும். அமெரிக்காவில் அந்த மாற்று உப்பைச் சாப்பிட்டவர்கள் இறந்ததற்கும் இதில் பங்கு உண்டு. அவர்கள் சாதாரண உப்பைக் குறைத்துக்கொண்டவர்கள்.

மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே இடைவெளி குறுகலானது. ஒரு லிட்டர் இரத்தத்தில் 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்தால்தான் கணக்கு சரியாக வரும். ராத்திரி 8 மணிக்குப் போட்டால் காலை 8 மணிக்கு லேபில் நிற்க வேண்டும், காலை மாத்திரை உண்டென்றால் இரத்தம் கொடுத்தபிறகு. இதைச் சொல்லித்தராததால் காலை மாத்திரையையும் போட்டுவிட்டுப் போய், அளவு கூடிவிட்டதென்று பதறி வருபவர்களைப் பார்க்கிறேன்.

எங்கள் வீட்டில் இது படித்துத் தெரிந்ததில்லை, பட்டுத் தெரிந்தது. நான் டி.பார்ம் படித்துக்கொண்டிருந்த வருஷம், மே மாதம். ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணனுக்கு இரண்டு நாள் வயிற்றோட்டம். அளத்தில் வெயில், வேர்வை. உடம்புவலி என்று பக்கத்து கிளினிக் ஒன்றுக்குப் போனான். டைக்ளோஃபெனாக் ஊசி போட்டு அதே மாத்திரையும் கொடுத்தார்கள். வேறென்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அந்த வகை வலிநிவாரணி லித்தியத்தை வெளியேறவிடாது. மூன்றாம் நாள் காலையில் டம்ளரைப் பிடித்த கை ஆடிய ஆட்டத்தில் டீ முழுக்க முண்டில் கொட்டியது. நாக்கு குழறியது. வாசல்படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டான். எதிர்வீட்டில் குடித்திருக்கிறான் என்று பேசினார்கள். பெரிய மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது 2.3. லித்தியத்தை நிறுத்தி, மூன்று நாள் உப்புத் தண்ணீர் டிரிப்பாக ஏறியது. டயாலிசிஸ்வரை போகாமல் தப்பினான்.

ஆக, லித்தியம் எடுப்பவர்கள் உப்பைத் திடீரென்று குறைக்கவும் கூடாது, கூட்டவும் கூடாது. கூட்டினால் மருந்து கழுவிப் போய்விடும். கை இலேசாக நடுங்குவது பலருக்கும் இருப்பது. பெரிய நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம், குழறல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. வலிக்கு ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம், பாரசிட்டமால் பரவாயில்லை. இரத்தக்கொதிப்பு மருந்துகளில் 'பிரில்' என்றும் 'சார்டன்' என்றும் முடிகிறவை, சிறுநீரைக் கூட்டும் தயசைடு வகை, இவையும் லித்தியத்தை ஏற்றும். தைராய்டும் சிறுநீரகமும் வருஷங்கள் போகப் போகப் பாதிக்கப்படலாம் என்பதால் அந்தச் சோதனைகளும் தொடர்ந்து வேண்டும்.

ஈத்தாமொழி அம்மாவிடம் அப்புறம் பேச்சுக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, கணவருக்குப் பிரஷர் என்று சொன்னதிலிருந்து அவர் கஞ்சியில் உப்பே போடுவதில்லை. அன்றைக்கே மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன்.

உப்புக்கு அடுத்தது உறக்கம். மூளையின் அடியில், இரண்டு கண் நரம்புகளும் குறுக்கே போகும் இடத்துக்கு மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்துதான் உடம்பின் கடிகாரம். அந்தக் கடிகாரத்தை ஓட்டும் மரபணுக்களைக் கண்டறிந்ததற்கு 2017-இல் மூன்று பேருக்கு நோபல் கிடைத்தது. முன்னே சொன்ன ஜிஎஸ்கே-3 இந்தக் கடிகாரப் புரதங்களையும் தொடுகிறது. லித்தியம் சேர்த்தால் செல்களில் கடிகாரத்தின் சுற்று நீள்வதைப் பார்த்திருக்கிறார்கள். தூக்கம் குறைவது மேனியாவின் அடையாளம் மட்டுமில்லை, மேனியாவைக் கிளப்பிவிடுவதும் அதுதான். நம் மாவட்டத்தில் இது பெரிய விஷயம். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். குளச்சலிலும் முட்டத்திலும் ராத்திரியில் வள்ளம் போகிறது. தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் விசைப்படகுகளில் வாரக்கணக்கில் தூக்கத்துக்கு நேரம் காலம் இல்லை. கோவில் திருவிழா என்றால் பத்து நாள் ஒலிபெருக்கி. மருந்து சரியாகச் சாப்பிட்டும் டிசம்பரில் நோய் திரும்பிய ஒருவரை எனக்குத் தெரியும், கேரல் சுற்றுக்குத் தொடர்ந்து ராத்திரி போனவர். பைபோலார் உள்ளவருக்கு ராத்திரி வேலையை மாற்றிக் கேட்பது சோம்பல் இல்லை, அதுவும் மருத்துவம்.

மற்ற மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வால்ப்ரோயேட் வலிப்புக்கு வந்தது, சோடிய மடையைத் தணித்து, மூளையை அமைதிப்படுத்தும் காபாவைக் கூட்டுகிறது. கருவிலுள்ள குழந்தைக்கு அது கெடுதல், பத்தில் ஒரு குழந்தைக்குப் பெரிய பிறவிக் குறை வரலாம். கல்யாண வயதுப் பெண்ணின் சீட்டில் அதைப் பார்த்தால் மருத்துவரிடம் இதைப் பற்றிப் பேசினீர்களா என்று நான் கேட்காமல் விடுவதில்லை. லமோட்ரிஜின் மனச்சோர்வு திரும்பாமல் காக்கும், தோலில் கடுமையான தடிப்பு வராமலிருக்க வாரக்கணக்கில் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். கியூடையாபின், ஒலான்சபின் போன்றவை டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் வழியில் வேலை செய்து மேனியாவைச் சீக்கிரம் அடக்கும், உடல் எடையைக் கூட்டும்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு டென்மார்க்கில் ஷோவும் கூட்டாளிகளும் 1970-இல் வெளியிட்ட சோதனையே போதும். லித்தியத்தில் நலமாக இருந்த 84 பெண்கள். 45 பேருக்கு லித்தியம் தொடர்ந்தது, 39 பேருக்கு அதேபோன்ற வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, கவனித்த மருத்துவர்களுக்கும் தெரியாது. ஐந்து மாதத்தில் வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 21 பேருக்கு நோய் திரும்பியது. லித்தியம் எடுத்தவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை. எல்லாருமே 'நல்லாத்தானே இருக்காவ' என்று சொல்லத்தக்கவர்கள். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் மருத்துவர் பல வாரங்களில், மாதங்களில் மெதுவாகக் குறைப்பார். திடீரென்று விட்டால் திரும்பும் ஆபத்து கூடும். தற்கொலை எண்ணத்தால் உயிர் போவதைக் குறைப்பதாகச் சான்று உள்ள மிகச் சில மருந்துகளில் லித்தியம் ஒன்று. ஏழு வாரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஒருவனின் தங்கையாக எனக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். அப்படி ஒரு ராத்திரி யார் வீட்டிலாவது வந்தால் டெலிமானஸ் எண் 14416-ஐக் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், காசு இல்லை.

அந்த மே மாதத்துக்குப் பிறகு அண்ணனின் பர்ஸில் நான் எழுதிக் கொடுத்த அட்டை ஒன்று இருக்கிறது. 'நான் லித்தியம் சாப்பிடுகிறேன். ஊசியோ வலி மாத்திரையோ பிரஷர் மாத்திரையோ கொடுக்கும் முன் என் மருத்துவரிடம் பேசுங்கள். வயிற்றோட்டம், வாந்தி, காய்ச்சல் என்றால் லித்தியம் அளவைப் பாருங்கள்.' கீழே மருத்துவரின் எண், கடைசியாகப் பார்த்த அளவு, தேதி. போன வாரம் ஈத்தாமொழி அம்மா பிரஷருக்கு மாற்றிக் கொடுத்த புதுச் சீட்டோடு வந்தார். ஒரு அட்டை அவருக்கும் எழுதிக் கொடுத்தேன். அளவு எழுதும் இடத்தில் 0.7 என்று அவரே பார்த்துச் சொன்னார்.